ஒரு சங்க் கெட்டதா, உலகமே கெட்டதா? மைன்கிராஃப்ட் சர்வரின் மேப் ஃபைலை மீட்க எந்த வழி

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டிலேயே மைன்கிராஃப்ட் சர்வர் ஓட்டுகிறவர்களுக்கு வேலை கூடிவிடும். கரண்ட் போகும், வரும். சர்வர் தானாக எழுந்துகொள்ளும். உள்ளே போய்ப் பார்த்தால் யாரோ ஒருவருடைய கோட்டையின் நடுவே சதுரமாக ஒரு பள்ளம் இருக்கும், அல்லது வீடு இருந்த இடத்தில் புத்தம்புதுப் புல்வெளி முளைத்திருக்கும். இன்னும் மோசமான நிலையும் உண்டு: குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு அருகில் யார் போனாலும் சர்வர் விழுந்துவிடும். உடனே குழுவில் பாதிப் பேர் “அண்ணா, பேக்கப்பைப் போட்டுடுங்க” என்பார்கள். நேற்று ராத்திரி முழுக்கக் கட்டியவர்கள் “வேணாம்ணா, அந்த இடத்தை மட்டும் பாருங்க” என்பார்கள்.

மைன்கிராஃப்டின் இரண்டு பதிப்புகளில் ஒன்றான ஜாவா எடிஷன் சர்வரில் இதற்கு நான்கு வழிகள் உண்டு. கெட்ட சங்கை, அதாவது உலகம் சேமிக்கப்படும் சதுரத் துண்டுகளில் கெட்டுப்போன ஒன்றை, அழித்துவிட்டு, அந்த நிலத்தை விளையாட்டே புதிதாக உருவாக்க விடலாம். பேக்கப்பிலிருந்து அந்தச் சங்கை மட்டும் எடுத்து நடலாம். மொத்த உலகத்தையும் பழைய தேதிக்குத் திருப்பலாம். அல்லது கெட்ட ஃபைலையே திறந்து கையால் சரிசெய்யலாம். பெரும்பாலான நேரங்களில் இரண்டாவது வழிதான் சரியானது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாத சூழ்நிலைகளும் தெளிவாகவே இருக்கின்றன. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்காமல் எந்த வழியையும் தொடக்கூடாது.

எதையும் செய்வதற்கு முன்

சர்வரை நிறுத்துங்கள். படிக்க முடியாத சங்கைச் சந்தித்தால் சர்வர் அந்த இடத்தில் புதிய நிலத்தை உருவாக்கி, அடுத்த முறை சேமிக்கும்போது அதையே ஃபைலில் எழுதிவிடும். வழக்கமான ஆட்டோசேவ் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அதாவது “கொஞ்ச நேரம் ஓடட்டும், பார்க்கலாம்” என்று விடும் ஒவ்வொரு சுற்றிலும் மீட்கக்கூடிய பழைய டேட்டாவின் மேல் புதியது எழுதப்படலாம்.

நிறுத்தியதும் வேர்ல்டு ஃபோல்டர் முழுவதையும், கெட்டது கெட்டபடியே, வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். கீழே சொல்லும் எல்லா வேலையும் அந்த நகலில்தான் நடக்க வேண்டும்.

அடுத்து டிஸ்கைப் பாருங்கள். இடம் நிரம்பியிருந்தாலும் சங்க் பாதியில் அறுந்துபோகும். பேக்கப்புகள் அதே டிஸ்கில் குவிந்து இடத்தைத் தின்றிருப்பது சாதாரணம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் மறுஒதுக்கீடு செய்யப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. அதில் எதைத் திருப்பி வைத்தாலும் மறுபடி கெடும். அதே அறிக்கையில் 199ஆம் எண்ணில் வரும் சிஆர்சி பிழைகள் (டேட்டா கடத்தலில் வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிளும் அதன் முனைகளும்தான் காரணம். முத்தியால்பேட்டை, தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று பட்டு கனெக்டர் கறுத்துப்போவதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கேபிளை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ரீஜன் ஃபைல் ஏன் உடைகிறது

வேர்ல்டு ஃபோல்டருக்குள் ‘ரீஜன்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் ‘ஆர்.2.-2.எம்சிஏ’ என்பதுபோல் இரண்டு எண்களுடன் ஃபைல்கள் இருக்கும். ஒரு ஃபைலில் 32 × 32, அதாவது 1024 சங்குகள். ஒரு சங்க் 16 × 16 பிளாக் பரப்பு. ஆக ஒரு ஃபைல் 512 × 512 பிளாக் நிலம். ஃபைலின் முதல் 8 கேபி வெறும் அட்டவணைதான்: முதல் 4 கேபியில் எந்தச் சங்க் ஃபைலில் எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்பதும், அடுத்த 4 கேபியில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதும் இருக்கும். அதற்குப் பிறகு 4096 பைட் செக்டர்களாக உண்மையான டேட்டா.

கரண்ட் போகும்போது நடப்பது இதுதான்: சங்க் வேறு செக்டருக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கும், அட்டவணை இன்னும் மாறியிருக்காது. அல்லது அட்டவணை மாறிவிட்டிருக்கும், டேட்டா டிஸ்கை எட்டியிருக்காது. முதல் வகையில் அட்டவணை காட்டும் இடத்தில் வேறொரு சங்கின் டேட்டா இருக்கக்கூடும். சர்வரின் லாகில் (நிகழ்வுப் பதிவு ஃபைலில்) “ராங் லொகேஷன்” என்று வரும். இரண்டாவது வகையில் “ட்ரங்கேட்டட்” என்று வரும், எதிர்பார்த்த பைட் எண்ணிக்கையும் படித்த எண்ணிக்கையும் கூடவே அச்சாகும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் டேட்டா ஃபைலுக்குள்ளேயே உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவதில் டேட்டாவே இல்லை. எந்த வழியை எடுப்பது என்பதில் பாதி முடிவு இந்த ஒரு வரியைப் படித்தவுடனேயே கிடைத்துவிடும்.

சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் ‘சிங்க்-சங்க்-ரைட்ஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1.16 பதிப்பில் வந்தது, இயல்பாக ‘ட்ரூ’. லேக் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை ‘ஃபால்ஸ்’ ஆக்கியிருந்தால், கரண்ட் நிலையில்லாத வீட்டில் உடைவதற்கான வாய்ப்பை நீங்களே கூட்டியிருக்கிறீர்கள். திருப்பி மாற்றுங்கள்.

ஃபைலின் அளவு 4096ஆல் மீதியில்லாமல் வகுபடவில்லையே என்று பலர் பதறுவார்கள். சர்வர் ஒழுங்காக மூடப்படவில்லை என்பதற்குத்தான் அது அடையாளம். அதை மட்டும் வைத்து ஃபைல் கெட்டது என்று சொல்ல முடியாது. 0 பைட்டாகக் கிடக்கும் ஃபைல்தான் கவலைக்குரியது.

எந்தச் சங்க் என்று கண்டுபிடிப்பது

விளையாட்டில் எஃப்3 அழுத்தினால் வரும் எக்ஸ், இசட் எண்களை எடுங்கள். 512ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் ரீஜன் ஃபைலின் எண். 16ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் சங்க் எண். எக்ஸ் 1300, இசட் -700 என்று வைத்துக்கொள்வோம். 1300 ÷ 512 = 2.54, எனவே 2. -700 ÷ 512 = -1.37, கீழ்நோக்கி என்பதால் -1 அல்ல, -2. ஃபைல் ‘ஆர்.2.-2.எம்சிஏ’. சங்க் எண் 81, -44. மைனஸ் பக்கத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள்: தசமத்தை வெட்டி எறிந்தால் பக்கத்து ஃபைலைப் போய்த் திருத்துவீர்கள், நல்லதும் கெட்டுவிடும்.

1.17 பதிப்பிலிருந்து ஆடுமாடு, வில்லேஜர், ஐட்டம் ஃப்ரேம் போன்றவை ‘எண்டிட்டீஸ்’ என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. படுக்கை, வேலை மேசை ஆகியவற்றின் பதிவு 1.14 முதல் ‘பிஓஐ’ ஃபோல்டரில்; நெதர் போர்ட்டலின் பதிவும் இப்போது அங்கேதான். மூன்று ஃபோல்டரிலும் ஃபைல் பெயர் ஒன்றுதான். எதைச் செய்தாலும் மூன்றிலும் சேர்த்தே செய்ய வேண்டும். ரீஜனை மட்டும் மாற்றிவிட்டால் சுவருக்குள் சிக்கிய வில்லேஜர், படுக்கையே இல்லாத இடத்தில் படுக்கை தேடும் வில்லேஜர் என்று புதுப் பிரச்சினைகள் கிளம்பும்.

அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவது

காட்டிலும் கடலிலும் கிடக்கும் சங்குக்கு இது போதும். வேலை ஐந்து நிமிடம். எம்சிஏ செலக்டர் என்ற இலவச மென்பொருளில் உலகத்தைத் திறந்து, அந்தக் கட்டத்தைத் தேர்ந்து அழித்தால் மூன்று ஃபோல்டரிலிருந்தும் போய்விடும். அடுத்து யாராவது அங்கே போகும்போது அதே சீடிலிருந்து (உலகத்தை உருவாக்கும் மூல எண்) நிலம் மீண்டும் உருவாகும்.

அங்கே ஆள் நடமாட்டம் இருந்ததா என்பதை ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு சங்கிலும் ‘இன்ஹாபிட்டட் டைம்’ என்று ஓர் எண் இருக்கிறது. விளையாடுகிறவர்கள் அதன் அருகே இருந்த நேரம், டிக் கணக்கில். நொடிக்கு 20 டிக், எனவே 1200 என்றால் ஒரு நிமிடம். கெட்ட சங்கில் அதைப் படிக்க முடியாது; சுற்றியுள்ள எட்டுச் சங்குகளையும் பேக்கப்பில் இருக்கும் பழைய பிரதியையும் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடங்கள்தான் என்றால் தயங்காமல் அழிக்கலாம். மணிக்கணக்கில் இருந்தால் அங்கே யாருடைய உழைப்போ இருக்கிறது.

இரண்டு இடங்களில் இந்த வழி ஏமாற்றும். உலகம் 1.18க்கு முந்தைய பதிப்பில் உருவாகி, இப்போது புதிய பதிப்பில் ஓடுகிறது என்றால், நில உருவாக்கும் முறையே மாறிவிட்டது. பழைய சமவெளியின் நடுவில் 16 பிளாக் அகலத்தில் பொருந்தாத ஒரு துண்டு எழும்பலாம். இன்னொன்று பொருளாதாரம்: எண்டு சிட்டி இருந்த சங்கை அழித்தால் பெட்டிகளின் பொருளும் கப்பலிலிருந்த எலிட்ரா என்ற பறக்கும் இறக்கையும் மறுபடி வரும். கடை நடத்தும் சர்வர்களில் இதை முதலில் போய் எடுப்பவர் யார் என்பதிலேயே சண்டை வரும். அட்மினே போய் எடுத்து நீக்கிவிடுவது நல்லது.

பேக்கப்பிலிருந்து நடுவது

யாராவது கட்டிய இடம் கெட்டிருந்தால் இதுதான் வழி. இதிலும் இரண்டு அளவு உண்டு.

முழு ரீஜன் ஃபைலை மாற்றுவது சுலபம்: சர்வரை நிறுத்தி, மூன்று ஃபோல்டரிலும் ஒரே பெயருள்ள மூன்று ஃபைல்களை பேக்கப்பிலிருந்து நகலெடுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் ஒரு சங்குக்காக மீதி 1023 சங்குகளும் பழைய நிலைக்குப் போகும். விளையாடுகிறவர்கள் முதலில் வந்து இறங்கும் ஸ்பானைச் சுற்றியுள்ள ஃபைல்களில் இதைச் செய்வது பாதி ஊரையே பின்னோக்கித் தள்ளுவதற்குச் சமம். ஃபைல் 0 பைட்டாகப் போயிருந்தாலோ, அட்டவணையே அழிந்து மீட்க முடியாமல் போயிருந்தாலோ மட்டும் இந்த அளவுக்குப் போங்கள்.

சங்க் அளவில் நட, எம்சிஏ செலக்டரில் முதலில் பேக்கப் உலகத்தைத் திறந்து, கெட்ட சங்கைத் தேர்ந்து, தேர்ந்ததை மட்டும் ஒரு காலி ஃபோல்டருக்கு ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு நிறுத்தி வைத்திருக்கும் இப்போதைய உலகத்தைத் திறந்து அதே சங்கைத் தேர்ந்து, அந்த ஃபோல்டரை இறக்குமதி செய்யுங்கள். இடப்பெயர்ச்சி 0, 0 ஆக இருக்க வேண்டும். இருப்பதன் மேல் எழுத அனுமதி தர வேண்டும். தேர்ந்த பகுதிக்குள் மட்டும் என்று வரம்பு வைக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டாலும் தவறான இடத்தில் போய் ஒட்டும், அல்லது ஒன்றுமே நடக்காது. பேக்கப் பழைய பதிப்பில் எடுத்ததாக இருந்தால் பரவாயில்லை, சர்வர் திறக்கும்போது மேம்படுத்திக்கொள்ளும். புதிய பதிப்பில் எடுத்த சங்கைப் பழைய பதிப்பு சர்வரில் நடவே கூடாது.

இப்போது உண்மையான சிக்கல். பேக்கப் சனிக்கிழமை எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். நிலம் சனிக்கிழமைக்குத் திரும்பும்; விளையாடுகிறவர்களின் பை திரும்பாது, ஏனென்றால் அது ‘பிளேயர்டேட்டா’ ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அந்தச் சங்கில் இருந்த பெட்டியிலிருந்து 64 வைரத்தை எடுத்துத் தன் பையில் வைத்திருந்தால், நட்டபிறகு பெட்டியிலும் 64, பையிலும் 64. இன்னொருவர் ஞாயிறு அன்று தன் நெதரைட் கவசத்தைக் கழற்றி அதே பெட்டியில் வைத்திருந்தால் அது எங்குமே இல்லை. இரட்டைப் பெட்டி சங்க் எல்லையில் உட்கார்ந்திருந்தால் 54 இடத்தில் பாதி சனிக்கிழமை, பாதி ஞாயிறு. எல்லையைத் தாண்டும் ரெட்ஸ்டோன் இயந்திரங்களும் நடுவே நின்றுபோகும். ஒருமுறை உடைத்து வைத்தால் ஓடும்.

யார் என்ன செய்தார் என்று பதிவுசெய்யும் கோர்புரொடெக்ட் போன்ற ப்ளக்இன் (சர்வரில் சேர்க்கும் துணை மென்பொருள்) இருந்தால் இது கையாளக்கூடிய வேலைதான். பேக்கப் எடுத்த நேரத்துக்குப் பிறகு அந்தச் சங்கில் யார் எந்தப் பெட்டியில் எதை வைத்தார், எடுத்தார் என்று தேடிப் பட்டியல் எடுங்கள். வைத்தவருக்குக் கொடுங்கள், எடுக்கப்பட்டதைப் பெட்டியிலிருந்து கழியுங்கள். ஒரு சங்குக்கு இது அரை மணி நேர வேலை. நாற்பது சங்குக்குச் செய்யவே முடியாது. அங்கேதான் இந்த வழியின் எல்லை.

மொத்தமாகத் திருப்புவது

ஒரு சங்குக்காக மொத்த உலகத்தையும் திருப்புவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. ஆனால் பல ரீஜன் ஃபைல்கள் ஒன்றாகக் கெட்டிருந்தால், டிஸ்க் சாகத் தொடங்கியிருந்தால், புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த உலகத்தைப் பழைய பதிப்பில் மறுபடி திறந்திருந்தால், இரண்டு ஜாவா புராசஸ் ஒரே உலகத்தில் எழுதியிருந்தால், இதைத் தவிர வேறு வழி இல்லை. கடைசி நிலை பெரும்பாலும் ‘செஷன்.லாக்’ ஃபைல் தடுக்கிறது என்று அதை அழித்துவிட்டு இரண்டாவது சர்வரைத் தொடங்குவதால் வருவது. அந்தத் தடை காரணத்தோடுதான் இருக்கிறது: முதலில் பழைய புராசஸ் ஓடுகிறதா என்று பாருங்கள்.

மொத்தமாகத் திருப்புவதன் பெரிய நன்மை, நிலமும் பையும் ஒரே நேரத்துக்குத் திரும்புவதால் டூப் (ஒரே பொருள் இரண்டாவது) வராது. அந்த நன்மை கிடைக்க வேண்டுமானால் ப்ளக்இன்களின் டேட்டாபேஸும் அதே நேரத்துக்குத் திரும்ப வேண்டும். பணக் கணக்கும் நில உரிமையும் வேர்ல்டு ஃபோல்டருக்கு வெளியே இருக்கின்றன. உலகத்தை மட்டும் திருப்பினால், ஞாயிறு அன்று பொருளை விற்றவரிடம் விற்ற காசும் இருக்கும், விற்ற பொருளும் இருக்கும்.

கையால் சரிசெய்வது

சில ஃபைல்களுக்கு இதுதான் மிகச் சுலபம். ‘லெவல்.டேட்’ கெட்டு சர்வரே எழாமல் “நாட் இன் ஜிஜிப் ஃபார்மட்” என்று நின்றால், அதே ஃபோல்டரில் ‘லெவல்.டேட்_ஓல்டு’ இருக்கும். கெட்டதை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு பழையதற்கு அந்தப் பெயரைக் கொடுங்கள். ஒருவர் மட்டும் பை காலியாகி ஸ்பானில் நிற்கிறார் என்றால் பிளேயர்டேட்டாவில் அவருடைய யூயூஐடி (ஒவ்வொரு கணக்குக்குமான தனி அடையாள எண்) பெயரில் ‘_ஓல்டு’ என்று முடியும் ஃபைலைத் தேடுங்கள். அவர் மறுபடி உள்ளே வந்து வெளியேறினால் அந்த நகலும் போய்விடும் என்பதால், சரிசெய்யும்வரை அவரைச் சேரவிடாதீர்கள்.

ரீஜன் ஃபைலின் அட்டவணையைக் கையால் கட்டுவது பேக்கப்பே இல்லாதவர்களுக்கான கடைசி முயற்சி. சாத்தியம்தான்: ஒவ்வொரு சங்கும் செக்டரின் தொடக்கத்தில் 4 பைட் நீளம், 1 பைட் சுருக்க வகை என்று ஆரம்பிக்கும், இசட்லிப் முறை என்றால் அந்தப் பைட் 2. உள்ளே சங்கின் எக்ஸ், இசட் எண்கள் எழுதியிருக்கின்றன. ஆக அட்டவணை போனாலும் செக்டர் செக்டராகத் தேடி அதை மறுபடி எழுத முடியும். பேப்பர் சர்வர் மென்பொருள் இந்த வேலையைத் தானாகவே முயன்று பார்க்கிறது. எனவே பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரைத் திறப்பதற்கு முன், கெட்ட உலகத்தின் நகல் ஒன்றை பேப்பரில் ஓடவிட்டு, அந்தச் சங்குக்குப் போய்ப் பாருங்கள். “ராங் லொகேஷன்” வகைக் கோளாறு பல இங்கேயே தீர்ந்துவிடும். அப்படி மீண்டால் பேக்கப்பைத் தொடவே வேண்டாம்.

மைன்கிராஃப்டின் இன்னொரு பதிப்பான பெட்ராக் சர்வருக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே உலகம் லெவல்டிபி டேட்டாபேஸாக ‘டிபி’ ஃபோல்டரில் இருக்கிறது. உள்ளிருக்கும் ஃபைல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மட்டும் பேக்கப்பிலிருந்து மாற்றினால் மீதியும் கெடும். முழு ஃபோல்டரையும் திருப்புவதுதான் பாதுகாப்பு.

நம்ம ஊர் கரண்டுக்கு ஏற்ற ஏற்பாடு

நடுவதற்கு நல்ல பேக்கப் வேண்டும். ஓடும் சர்வரின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் பேக்கப்பிலேயே அறுந்த சங்க் இருக்கும். வரிசை இது: ‘சேவ்-ஆஃப்’ (ஆட்டோசேவை நிறுத்தும்), பிறகு ‘சேவ்-ஆல் ஃபிளஷ்’ (எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதும்), அது முடிந்தது என்று லாகில் வந்தபின் நகல், கடைசியில் ‘சேவ்-ஆன்’. ஸ்கிரிப்ட் நடுவில் செத்தால் ‘சேவ்-ஆன்’ ஓடாமல் மணிக்கணக்கில் ஆட்டோசேவ் நடக்காது. ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் அந்தக் கட்டளை போகும்படி எழுதுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் பின்பக்கம் யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். ஃபேன், லைட்டு நிற்காததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சர்வர் இருக்கும் வீட்டில் அது யூபிஎஸ் மோடில் இருக்கட்டும். யூஎஸ்பி வழியாகப் பேசும் சிறிய யூபிஎஸ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது: பேட்டரி குறையும்போது சர்வருக்கு ‘ஸ்டாப்’ அனுப்ப வைக்கலாம். லினக்ஸில் புரோகிராம்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 நொடிதான் காத்திருந்து பிறகு புராசஸைக் கொன்றுவிடும். பெரிய உலகம் சேமிக்க அதைவிட நேரம் பிடித்தால் அந்த வரம்பைக் கூட்டுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று காலையிலேயே நிறுத்திவிடலாம். புயல் வேறு கணக்கு. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே, 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல் மாதிரியான நாட்களில் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது, தரைத்தளத்தில் தண்ணீரும் ஏறும். எச்சரிக்கை வந்தவுடன் சர்வரை நிறுத்தி, முழு பேக்கப்பை ஊருக்கு வெளியே ஏற்றிவிடுங்கள். 6 ஜிபி உலகம் 20 எம்பிபிஎஸ் அப்லோடில் குறைந்தது 40 நிமிடம் எடுக்கும். காற்று ஆரம்பித்தபின் தொடங்கினால் ஃபைபர் அறுந்து பாதியில் நிற்கும்.

எந்த வழியில் சரிசெய்திருந்தாலும், திறந்துவிடும் முன், அனுமதித்தவர்களை மட்டும் உள்ளே விடும் வொயிட்லிஸ்டைப் போட்டுவிட்டு அட்மின் மட்டும் உள்ளே போங்கள். எதையும் தொடாமல் பறந்து பார்க்கும் ஸ்பெக்டேட்டர் மோடில், சரிசெய்த சங்குக்கும் சுற்றியுள்ள எட்டுக்கும் போய், லாகில் புதிய பிழை வரவில்லை என்று உறுதிசெய்து, ‘சேவ்-ஆல்’ கொடுத்து, சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பி மறுபடி அதே இடத்தைப் பாருங்கள். பிறகு குழுவில் எந்த எக்ஸ், இசட் எண்களுக்கு இடையே எந்த நேரத்து நிலை திரும்பியிருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். கெட்ட நகலை ஒரு மாதமாவது வைத்திருங்கள். ‘என் பெட்டியில் ஒன்று குறைகிறது’ என்று யாராவது இரண்டு வாரம் கழித்து வந்தால் தேடிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.